வரத்துக்கால் இல்லாத ஏரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா குறுக்கே குறுக்கே வருகிறாள், நீ "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். இது மெயிலில் கிடக்கட்டும். மீட்டிங் இல்லாதபோது படி.

நீ அனுப்பிய படம் பார்த்தேன், ஓரிகன் மலை மேல் இருக்கும் அந்தக் கிரேட்டர் லேக் ஏரி. சுற்றிலும் பனி, நடுவில் அந்த நீலம். பெரிதாக்கிப் பார்த்தபோது பனி மேல் ஒரே ஒரு நிழல் விழுந்திருந்தது. போர்ட்லாண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய வழி அது. குளிர்காலத்தில் வடக்கு வாசலை மூடிவிடுவார்கள், விளிம்பைச் சுற்றும் சாலையும் கிடையாது, தெற்கே ஒரு வழிதான் திறந்திருக்கும் என்று அன்றைக்கு மாப்பிள்ளை சொன்னார். வருடத்துக்கு நாற்பது அடிக்கு மேல் பனி கொட்டுகிற இடம். வண்டியை யார் ஓட்டினது? டயருக்குச் சங்கிலி வைத்திருந்தாயா? பெட்ரோலைப் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதே. கம்பளியும் தண்ணீரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இரண்டு வருடம் முன்பு எங்களை அங்கே கூட்டிப்போனீர்களே, அதிலிருந்து நான் அந்த ஏரியை விடவில்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் பொதுப்பணித்துறையில் ஏரி பார்த்தவன். தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கே, மதகு எத்தனை, மிஞ்சிய நீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம், இதைத்தான் கண் தேடும். அந்த ஏரிக்கு வரத்துக்காலும் கிடையாது, மதகும் கிடையாது, கலிங்கும் கிடையாது. ஒரு ஆறு உள்ளே வருவதில்லை, ஒரு ஓடை வெளியே போவதில்லை. வானத்திலிருந்து விழுகிற பனியும் மழையும்தான் வரவு. ஆழம் 594 மீட்டர், அமெரிக்காவிலேயே அதுதான் ஆழமான ஏரி. கொள்ளளவை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். சுமார் 660 டி.எம்.சி. வருகிறது. மேட்டூர் 93.47. ஏழு மேட்டூர், பாப்பா! மலை உச்சியில், ஒரு ஏக்கர் பாசன ஆயக்கட்டு இல்லாமல்!

செலவுக் கணக்கு அதைவிட அழகு. ஒரு பங்கு ஆவியாகிறது. மீதி கசிவு. வடகிழக்குச் சுவரில் பனிப்பாறைகள் எப்போதோ விட்டுப்போன சரளையும் மண்ணும் கலந்த ஓர் அடுக்கு இருக்கிறதாம். தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் கசிவு கூடும், இறங்கினால் குறையும். யாரும் கட்டாத கலிங்கு. நூறு வருடத்தில் நீர்மட்டம் ஐந்து மீட்டருக்குள்தான் ஏறி இறங்கியிருக்கிறது. மதுராந்தகத்தில் ஐப்பசி கார்த்திகை ராத்திரிகளில் மணல் மூட்டையோடு நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். நீ சின்னவளாக ஜீப்பின் பின்சீட்டில் தூங்கியிருக்கிறாய், ஞாபகம் இருக்காது.

அது உண்டான விதத்தை நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். எரிமலை வெடித்து உச்சி சிதறிப் பள்ளம் விழுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏரி இருக்கும் இடத்தில் முன்பு மசாமா மலை என்ற எரிமலை சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் நின்றது. 7,700 வருடங்களுக்கு முன்னால் வயிற்றிலிருந்த கற்குழம்பில் ஏறத்தாழ 50 கன கிலோமீட்டரை வெளியே கொட்டிவிட்டது. உள்ளே காலி. மேலே இருந்த பாரத்துக்குத் தாங்கல் இல்லை. மலையைச் சுற்றி வளையமாக விரிசல் விட்டு, உச்சி அப்படியே உள்வாங்கிவிட்டது. அந்தக் குழியில் பனி உருகி உருகி நிறைய எழுநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

உள்வாங்கும் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஏரிக்கரை ஒரே ராத்திரியில் போகாது. முதலில் தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல், பிறகு அடிக்கரையில் ஈரம். கரையைக் காவல் பார்க்கும் லஸ்கர் பார்த்து வந்து சொன்னால் எதையாவது செய்யலாம். "ஐயா தூங்குவார், காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால்தான் கஷ்டம். நடு ராத்திரியில் கதவைத் தட்டினார்களே என்று நான் யாரையும் கோபித்ததில்லை. யார் மேல் தப்பு என்று அந்த நேரத்தில் விசாரித்ததும் இல்லை. அம்மாவைக் கேட்டுப்பார்.

நாம் அந்த ஏரிக்குப் போன அன்றைக்கு அம்மாவுக்கு முட்டி வலி, தண்ணீருக்கு இறங்கும் கிளீட்வுட் பாதையில் இறங்க முடியவில்லை. மாப்பிள்ளை மட்டும் கரை வரைக்கும் இறங்கிப்போய், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்தச் செங்குத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தார். அம்மா அதைத் தலையில் தெளித்துக்கொண்டாள். மீதியைப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். இன்னமும் பூஜை அலமாரியில் இருக்கிறது. நல்ல பிள்ளை என்று அன்றைக்கு நான் சொன்னதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வயதை நானும் தாண்டிவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். அந்த ஏரியில் மீனே இருந்ததில்லை. ஆறு இல்லாத ஏரியில் மீன் எப்படி வரும்? 1888-ல் வில்லியம் ஸ்டீல் என்பவர் வாளியில் மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டார். அங்கே தேசியப் பூங்கா அமைவதற்குப் பாடுபட்ட மனிதரும் அவர்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பிறகு 1915-ல் மீனுக்கு இரையாகட்டும் என்று கிரேஃபிஷ் என்கிற, கொடுக்கு வைத்த நன்னீர் இறாலை விட்டார்கள். 1941 வரை மீனும் விட்டுக்கொண்டே இருந்தார்கள். விட்டதில் இரண்டு இனம்தான் இன்றைக்குத் தங்கியிருக்கிறது. இறால் மட்டும் கரையோரத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

அதில் அகப்பட்டது மசாமா நியூட். பார்க்கப் பல்லி மாதிரி, சாதியில் தவளைக்குப் பங்காளி. உலகத்தில் அந்த ஒரு ஏரியில்தான் உண்டு. அதன் ஒன்றுவிட்ட உறவுகளுக்கெல்லாம் தோலில் கடும் விஷம். ஆயிரக்கணக்கான வருடம் பகை என்று ஒன்றே இல்லாமல் இருந்ததால் இதற்கு அந்த விஷம் இல்லாத குறைதான். இறால் வந்ததும் பாறை இடுக்குகளைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டது. இப்போது காண்பதே அரிது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாமும் அப்படித்தானே வளர்த்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதில் ஹாஸ்டல், இருபத்திரண்டில் தனியாக விமானம் ஏறினாய். உன் டிபார்ட்மெண்டில் அன்றைக்கு முதல் ராங்க். எனக்கு உன்னைப் பற்றிப் பயமில்லை.

ஆனால் உனக்கு ஆபீசில் பதவி உயர்வு என்பதை உன் அத்தை மகள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? சந்தோஷ சமாச்சாரத்தையே மூன்றாம் ஆள் வாயால் கேட்கிறோம். வீடியோவில் வரும்போது உனக்குப் பின்னால் முன்பெல்லாம் அந்த மர அலமாரியும் கல்யாண போட்டோவும் தெரியும். பொங்கலிலிருந்து வெறும் வெள்ளைச் சுவர். பெயிண்ட் அடித்தீர்களோ என்னவோ. வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்று அம்மா அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறாள்.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாமா தவறிவிட்டார், எழுத மறந்துவிட்டேன். மாடிப் போர்ஷனைக் காலி செய்துவிட்டார்கள். புரோக்கர் தினம் வருகிறான், வாடகைக்கு இப்போதைக்கு விடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஹீட்டர் மாற்றியாயிற்று, இன்டர்நெட் கேபிளும் மேலே இழுத்துவிட்டேன். சும்மாதான். காலியாகப் போட்டால் வயர் எலி கடித்துவிடும்.

அந்த ஏரி குளிர்காலத்திலும் உறைவதில்லை என்று படித்தேன். முழுதாக உறைந்தது கடைசியாக 1949-ல். அத்தனை ஆழத்துத் தண்ணீரில் கோடை வெப்பம் தேங்கி நிற்கிறது. நீ போனபோது அதனால்தான் நீலமாகத் தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை போவதானால் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. தனியாக ஓட்டாதே. பெட்ரோல் பாதிக்குக் கீழே வேண்டாம். விளிம்பில் பனி கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே மண் இருக்காது, ஓரத்துக்குப் போகாதே. எங்கள் விசா இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. டிக்கெட் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீ எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம், தேதி சொன்னால் போதும்.

அப்பா

அம்மா இதைச் சேர்க்கச் சொல்கிறாள்: நாங்கள் வரும்போது தூக்கிக்கொண்டு வந்த 110 வோல்ட் கிரைண்டர் உன்னிடம்தானே இருக்கிறது? இல்லையென்றால் சொல், வேறு வாங்கி வைக்கிறாளாம்.