சனிக்கிழமை ராத்திரி ஸ்லைடு பார்க்க ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது உங்கள் துறைதான். ஆகவே பழைய கதை வேண்டாம். கொரோனா வார்டுகளை மூடியாயிற்று. ஆனால் கட்டுப்படாத சர்க்கரையோடு வைரஸ் நிமோனியாவில் படுத்து, ஸ்டீராய்டும் ஏறிய, இந்தப் பூஞ்சை எளிதில் பிடிக்கிற நோயாளிகள் வருவது நிற்கவில்லை.

எங்கள் குறை ஒன்றுதான். சனிக்கிழமை மாலை இஎன்டி மருத்துவர் இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மூக்கிலிருந்து எடுத்த சதைத்துணுக்கு, பல இடங்களில் திங்கட்கிழமை காலைவரை சீந்துவாரின்றிக் கிடக்கிறது. அதற்குத் தேவை ஒரு ஸ்லைடு, 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, ஒரு கவர்ஸ்லிப், சதை கரையும்வரை கொஞ்சம் பொறுமை. குறுக்குச் சுவர் அரிதாக, அகலமாக, ரிப்பன்போல் மடங்கிய இழைகள் தெரிந்தால் மியூக்கர், அதாவது கருப்புப் பூஞ்சை. ஒல்லியாக, வரிசையாகக் குறுக்குச் சுவரோடு, கூர்ங்கோணத்தில் கிளை பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆஸ்பர்ஜில்லஸுக்கான வோரிகோனசோல் மருந்தைத் தொடங்கிவிட்டால், மியூக்கர் அதை மதிக்காது.

மியூக்கருக்கு லைபோசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்து வேண்டும். கிலோவுக்கு 5 மி.கி. என்று வைத்தாலும் 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 300 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பி ஆறு. மருந்து கேட்டு இன்டென்ட் போட்டால் "ரிப்போர்ட் எங்கே?" என்கிறது ஸ்டோர். ரிப்போர்ட் எழுதுகிறவர் திங்கட்கிழமைதான் வருவார். அதற்குள் பூஞ்சை ரத்தக்குழாயில் புகுந்து அடைக்கிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. பூஞ்சை ஒன்றும் கருப்பில்லை ஐயா, கருத்துப்போவது நோயாளியின் சதை.

வந்து சேரும் மாதிரியும் பல நேரம் வீண். முழுத் துணுக்கையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் வராது, அதாவது பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க முடியாது. பாதியைச் சலைனில் அனுப்ப வேண்டும், அதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. கல்ச்சருக்கு அரைக்கவும் கூடாது, இழை நொறுங்கிச் செத்துவிடும். சின்னத் துண்டுகளாக நறுக்கித்தான் வைக்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸைத் தேடும் காலக்டோமன்னன் பரிசோதனை ரத்தத்தில் நெகட்டிவ் என்று நிம்மதியாக எழுதிவிடுகிறவர்களும் உண்டு. மியூக்கர் அந்தப் பரிசோதனையில் சிக்கவே சிக்காது.

புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கப் பணம் இருக்கிறது, ராத்திரி டெக்னீஷியனுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூஞ்சைக்கும் வார விடுமுறை என்று ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டால் எங்களுக்கும் நிம்மதி.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் இந்த ஸ்லைடைப் பார்க்க ஆள் போடுங்கள். முழு நேர மருத்துவர் இல்லையென்றால், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப் படத்தை ஃபோனில் அனுப்ப, ஆன்-கால் நுண்ணுயிரியல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் வாய்மொழியாகப் பாசிட்டிவ் என்றாலே ஸ்டோர் அந்த ஆறு குப்பியைக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஆய்வகங்களின் நுண்ணுயிரியல் மருத்துவர்கள், டெக்னீஷியன்கள்