ஆச்சியும் பேதுருவும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே புரசைவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டதில் வீட்டை விட்டு வெளியே போவதே பெரிய பாடு, முழங்கால் வலி வேறு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. நீ கேட்ட கேள்விக்கு அவசரப்பட்டு ஏதாவது எழுதிவிடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வேதாகமத்தில் பேதுருவின் முதல் நிருபம், 1 பேதுரு 4:6, "மரித்தோரானவர்களுக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது" என்பதைப் படித்ததும் உன் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கும் வந்தது. சுடலைமாடனுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, பொங்கல் லீவில் நம் இருவருக்கும் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்த கை அது. உன் அப்பா ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு இருந்திருக்குமா என்பதுதானே உன் கேள்வி?

முதலில் ஒன்று. அதே நிருபத்தின் 3:19-ஐயும் 4:6-ஐயும் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து "பிரசங்கித்தார்" என்று முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில்தான் "சுவிசேஷம்" என்ற சொல் வருகிறது. கிரேக்க மூலத்திலும் இரண்டும் வேறு வேறு வினைச்சொற்கள், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. தமிழில் ஆவி என்றதும் செத்தவர்களின் ஆவி என்று மனசு போய்விடுகிறது, ஆனால் புதிய ஏற்பாட்டில் வெறுமனே "ஆவிகள்" என்று வந்தால் பெரும்பாலும் மனிதரல்லாத ஆவிகள்தான். நோவா காலத்தில் கீழ்ப்படியாமற்போனவை என்று சேர்த்துச் சொல்வதைப் பார்த்தால், விழுந்துபோன தூதர்களிடம் கிறிஸ்து தம் வெற்றியை அறிவித்தார் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆதிச் சபைப் பெரியவர் அகஸ்டின் வேறு மாதிரி சொன்னார்: கிறிஸ்துவின் ஆவி நோவா மூலமாக அந்தக் காலத்து ஜனங்களுக்கே பிரசங்கித்தது என்று. சபையைச் சீர்திருத்திய லூத்தரோ, பேதுரு என்ன சொல்ல வருகிறார் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றே எழுதிவிட்டார். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

4:6-க்கு வருகிறேன். இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று இன்றைய துருக்கிப் பக்கம் சிதறிக் கிடந்த சின்னச் சின்னக் கூட்டங்களுக்கு. பழைய கூட்டாளிகள் "நீ ஏன் எங்களோடு வருவதில்லை" என்று தூஷிக்கிறார்கள், 4:4-லேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் விசுவாசிகளில் நாலு பேர் செத்துப்போனால் ஊர் என்ன சொல்லும்? உங்கள் சுவிசேஷத்தைக் கேட்டும் எங்களைப் போலத்தானே செத்தார்கள் என்று சொல்லும். அதற்குப் பதில்தான் இந்த வசனம் என்று நினைக்கிறேன். உயிரோடிருந்தபோது கேட்டு, இப்போது மரித்திருப்பவர்கள்; மனுஷர் கண்ணுக்கு எல்லாரையும் போல மாண்டார்கள், தேவனுக்கு முன்பாகப் பிழைத்திருக்கிறார்கள். இதில் ஒரு இடறல் உண்டு, மறைக்கமாட்டேன். ஐந்தாம் வசனத்தில் "மரித்தோர்" என்றால் மரித்த எல்லாரும், ஆறாம் வசனத்தில் மட்டும் அதைச் சுருக்குவது எப்படி என்று ஒருவர் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. அலெக்சாந்திரியா கிளமெந்து போன்ற ஆதிச் சபையார் கர்த்தர் பாதாளத்தில் போய்ப் பிரசங்கித்தார் என்றே நம்பினார்கள். கிழக்கத்திய சபைகளின் படங்களில் அவர் ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்துக் கல்லறையிலிருந்து தூக்கிவிடுகிறார். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆக, ஆச்சிக்காக இந்த வசனத்தைப் பிடித்துக்கொள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதேபோல, போன மாதம் கீழ்ப்பாக்கம் கல்லறையில் ஒரு அடக்க ஆராதனையில், கேட்காமல் செத்தவர்களெல்லாம் நரகத்தில்தான் என்று ஒருவர் அடித்துப் பேசினாரே, அதற்கும் இங்கே இடமில்லை. அங்கே நின்றுகொண்டிருந்த பிள்ளைகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டாரே, நான் ஆச்சியை அந்தக் கேள்வியோடுதான் விட்டிருக்கிறேன். அவர்களை நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததைவிடத் தேவனுக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பரில் மகள் வீட்டுக்கு வருவாய் அல்லவா, இரண்டு நாள் என்னோடும் இரு. இதை எழுதும்போதுதான் தோன்றியது, ஆச்சி ஆச்சி என்றே கூப்பிட்டுவிட்டோம், அவர்கள் பெயர் என்ன? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன்,
தேவராஜ்