ஓய்ராசே ஆற்றை எதிர்கொண்டு நடந்து போ, மகளே

அன்புள்ள மகளுக்கு,

அக்டோபர் கடைசி வாரத்தில் மாப்பிள்ளையும் நீயும் பேரனை அழைத்துக்கொண்டு ஜப்பானின் ஓய்ராசே ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவிருப்பதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. ஆனால் காரிலேயே சென்று, இரண்டு அருவிகளின் அருகில் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற உங்கள் திட்டத்துக்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை. சாலை ஆற்றை ஒட்டியே போவது உண்மைதான். எனினும் இலைகள் நிறம் மாறும் அந்த நாட்களில் வண்டிகள் அங்கே ஊர்ந்துதான் நகரும், கண்ணாடிக்கு வெளியே ஆறு இருப்பதே தெரியாமல் போய்விடும்.

தொவாடா ஏரிக்கரையிலுள்ள நெனோகுச்சி என்ற இடத்தில் புறப்படும் ஆறு, யாகேயாமா என்ற ஊர் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் காட்டுக்குள் ஓடுகிறது. அவ்வளவு தூரம் பேரனால் நடக்க இயலாது. இடையிலுள்ள இஷிகெடோவில் தொடங்கினால் ஏரி வரை சுமார் 9 கிலோமீட்டர்தான், ஏற்றமும் மெதுவானது. சென்ற ஆண்டு உங்களோடு தங்கியிருந்தபோது நான் நடந்ததும் அந்த வழியே. மேலிருந்து கீழே வராமல், கீழிருந்து மேலே செல்லுங்கள். அப்போதுதான் பாறைகளில் மோதி நுரைத்து வரும் நீர் உங்களை நோக்கி வரும்.

வழிநெடுக இத்தனை அருவிகள் எப்படி வந்தன என்று பேரன் நிச்சயம் கேட்பான். தொவாடா, எரிமலை வெடித்துக் குழிந்த இடத்தில் தேங்கிய ஏரி. பழங்காலத்தில் அதன் கரை உடைந்து பாய்ந்த பெருவெள்ளம் இப்பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்துவிட்டது. பக்கத்து ஓடைகளால் அந்த வேகத்துக்குத் தம் படுகையை அறுக்க முடியவில்லை. ஆகவே அவை உயரத்திலேயே நின்றுவிட்டு, அங்கிருந்து ஆற்றில் விழுகின்றன. ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள குமோய் அருவியை அவனுக்குக் காட்டி இதைச் சொல்.

தாவரவியல் ஆசிரியையாக இருந்த எனக்கு அருவிகளைவிட, ‘மாஸ்’ எனப்படும் பாசிகளே பெரிதாகத் தோன்றின. ஏறத்தாழ 300 வகைப் பாசிகள் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏரி நீரைத் தேக்கி வைத்திருப்பதாலும், நெனோகுச்சியில் மதகு வைத்து ஒழுங்குபடுத்துவதாலும் ஆறு பெரும்பாலும் ஒரே அளவாக ஓடுகிறது. அதனால்தான் நடு ஆற்றுப் பாறைகளிலும் பாசி படர்ந்து, அதன்மேல் மரக்கன்றுகளே வேர்விட்டு நிற்கின்றன. பேரன் அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா.

எங்கும் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதே. பீச், கட்சுரா, குதிரைச் செஸ்ட்நட் ஆகிய மரங்கள் மிகுந்த காடு என்பதால் மஞ்சளும் பழுப்புமே மேலோங்கும்; மேப்பிள் நிற்கும் இடங்களில் மட்டும் சிவப்பு தெரியும். கட்சுரா மரத்தடியில் சற்றுநேரம் நில். உதிர்ந்து காயும் அதன் இலைகளிலிருந்து, அடுப்பில் வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல ஓர் இனிய மணம் எழும். அந்த மணத்துக்காகவே இன்னொரு முறை அங்கே நடக்க விரும்புகிறேன்.

ஏரியை நெருங்கும்போது சோஷி பேரருவி வரும். உயரம் 7 மீட்டர்தான். ஆனால் 20 மீட்டர் அகலத்துக்கு ஆறே மொத்தமாக விழுகிறது. இவ்வருவியைத் தாண்டி மீன்களால் மேலேற முடியாததால் நெடுங்காலம் ஏரியில் மீனே இல்லையாம். வைனாய் சதாயுகி என்பவர் பல ஆண்டுகள் முயன்று, 1903-இல் ஹிமேமாசு என்னும் சால்மன் வகை மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டார். 1905-இல் அவை வளர்ந்து கரைக்குத் திரும்பின. ஏரிக்கரை உணவகங்களில் அந்த மீன் கிடைத்தால் மாப்பிள்ளை ருசித்துப் பார்க்கட்டும்.

கரடியைப் பற்றி அலட்சியமாக இருக்காதே. 2023-இல் அப்பகுதியில் பீச் கொட்டைகள் சரியாகக் காய்க்காமல் போக, கரடிகள் உணவு தேடி ஊர்களுக்குள்ளேயே வந்து பலரைத் தாக்கின. பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். பேரனுக்கு வழுக்காத காலணியும் மாற்றுக் காலுறையும் அவசியம். நெனோகுச்சியிலிருந்து இஷிகெடோவுக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா