செயலாளரின் ஆண்டறிக்கை: சமூக ஊடகத்தில் நம் காட்சிக்கூடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நம் பழம்பொருள் காட்சிக்கூடத்தின் ஓடுகள் மாற்றப்பட்டன. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் சொன்னால்தான் உறைக்கும். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி தொடங்கிய சமூக ஊடகப் பணியைப் பற்றி மட்டும் நான் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணில்பட்ட தளங்களில் எல்லாம் கணக்குத் தொடங்கலாம் என்றனர் இளைய உறுப்பினர்கள். நடத்த ஆள் வேண்டுமே! ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். கணக்குகள் யாருடைய சொந்தக் கைபேசி எண்ணிலும் இல்லை. சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கின்றன. கடவுச்சொல் தலைவரிடமும் என்னிடமும் உள்ளது.

என்ன போடுவது என்பதில்தான் சச்சரவு. பொன்னாடை போர்த்தும் படங்களையும் காலை வணக்கச் செய்திகளையும் சிலர் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவற்றைப் போடவில்லை, வருத்தப்பட்டவர்கள் பொறுத்தருள்க. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஆங்கிலேய கிராமிய வாழ்வு அருங்காட்சியகம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அவர்கள் ட்விட்டரில் ஒரு கொழுத்த செம்மறிக் கடாவின் பழைய புகைப்படத்தை ஒற்றை வரிக் கேலியோடு போட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. விழா மேடை இல்லை, விருந்தினர் இல்லை. தங்கள் சேகரிப்பில் கிடந்த ஒரே ஒரு படம்.

நாமும் ஒரு பதிவுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டோம். நெல் அளக்கும், பித்தளைப் பூண் கட்டிய நம் மரக்காலை வாசல் வெளிச்சத்தில் படமெடுத்து, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று எழுதினோம். உடனே சண்டை தொடங்கியது. "எங்கள் பக்கம் இரண்டு பட்டணம் படிதான் ஒரு மரக்கால்" என்றார் தஞ்சாவூர்க்காரர் ஒருவர். ஊருக்கு ஊர் படியே வேறு என்று இன்னொருவர் விளக்கினார். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லி அளந்த தம் தகப்பனாரை நினைவுகூர்ந்து ஓர் அம்மையார் எழுதினார். இந்தச் செய்திகளில் ஒன்றுகூட நம் பதிவேட்டில் இல்லை. அனைத்தையும் அந்தப் பொருளின் பதிவெண்ணுக்கு நேரே, சொன்னவர் ஒப்புதலுடன் குறித்துவைத்திருக்கிறோம். பின்னூட்டத்துக்குப் பதில் எழுதுவதே இந்தப் பணியில் பாதி என்பது என் கருத்து. விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. குடும்பப் புகைப்படங்களை உரியவர் ஒப்புதல் இல்லாமல் போடுவதில்லை. ஐம்பொன் விளக்குகளைக் காட்டினாலும், அவை இருக்கும் அறையையும் பூட்டையும் காட்டுவதில்லை. பார்வையற்றவர்களின் கைபேசி வாசித்துச் சொல்வதற்காக ஒவ்வொரு படத்துக்கும் விவரிப்பு எழுதுகிறோம். இதை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பொறுமையாகச் செய்துவருகிறார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வாரம் ஒரு பதிவு தவறாமல் வர, படமெடுக்க ஒருவரும் பதில் எழுத இருவரும் தேவை. கைபேசித் தாங்கி ஒன்றும் விளக்கு ஒன்றும் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கலாம். இனி, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்