கேம்பெய்ன் பெயரையும் டிராக்கிங் டேக்கையும் மீண்டும் பிரித்துத் தரக் கோரி

அனுப்புநர்
மின்னஞ்சல் விற்பனைப் பிரிவு,
ஜவுளி விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: புதுப்பிப்புக்குப் பின் கேம்பெய்ன் பெயர்கள் வெட்டுப்பட்டு, விற்பனை ரிப்போர்ட்டில் ஒன்றோடொன்று கலப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தீபாவளிக்கு முன் நீங்கள் வெளியிட்ட புதுப்பிப்பில், கேம்பெய்ன் (விற்பனைக்காக அனுப்பும் மின்னஞ்சல்) பெயருக்கு ஒன்று, எந்த மின்னஞ்சலால் விற்றது என்று காட்ட அதன் இணைப்பில் ஒட்டும் டிராக்கிங் டேக்குக்கு ஒன்று என்று இருந்த இரண்டு கட்டங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். இப்போது பெயர்க் கட்டத்தில் எழுதுவதையே மென்பொருள் எடுத்து, இணைப்பு முகவரியில், வருகை எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் யூடிஎம் பகுதிகளுள் ‘கேம்பெய்ன்’ இடத்தில் ஒட்டுகிறது. பயன்படுத்துவதை எளிமையாக்கியிருப்பதாக உங்கள் அறிவிப்பு சொல்கிறது. எங்களுக்கோ எந்த மின்னஞ்சலால் எவ்வளவு விற்றது என்ற கணக்கே போய்விட்டது. உங்களிடம் புகார் டிக்கெட் போட்டதற்கு, பிரவுசர் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டுப் பார்க்கும்படி பதில் வந்தது. கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே உங்கள் தொழில்நுட்பக் குழு தானே சோதித்துப் பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பெயர் முறை. அனுப்பும் தேதி, வகை, பண்டிகையும் சரக்கும், யாருக்கு, மொழி, வடிவம் (தலைப்பு வரிகளை ஒப்பிட அனுப்பும் ஏ, பி) என்று ஆறு துண்டுகள். துண்டுகளுக்கு இடையில் அடிக்கோடு. ஒரு துண்டுக்குள் இரண்டு சொல் வந்தால் சிறுகோடு. உதாரணமாக: 20251010_சலுகை_தீபாவளி-காஞ்சிப்பட்டு_சிங்கப்பூர்_தமிழ்_ஏ. தேதியில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். அப்படி வைத்தால்தான் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவாரியாகவும் வரும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். பெயரைத் தமிழில் வைப்பது மனிதர்களுக்காக. சரக்குப் பிரிவு, கணக்குப் பிரிவு, வடிவமைப்பாளர் என யார் பட்டியலைத் திறந்தாலும் எது என்னவென்று கேட்காமலே தெரிய வேண்டும்.

டேக் வேறு. அது கம்ப்யூட்டர் படிப்பதற்கு. அதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டுமே வைத்திருந்தோம். இணையதள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகத்தான் எண்ணும். ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஒரே கேம்பெய்ன் இரண்டு வரிகளாகிவிடும். பெயரும் டேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், ஆனால் ஒன்றாக இருக்கக்கூடாது. இந்த வேறுபாட்டைத்தான் உங்கள் புதுப்பிப்பு அழித்தது.

என்ன நடக்கிறது என்றால், பெயரிலிருந்து டேக்கை உருவாக்கும் உங்கள் நிரல், ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் கோடுகளையும் துடைத்துவிடுகிறது. மேலே சொன்ன பெயரில் மிஞ்சுவது 20251010 என்ற தேதி மட்டும். அதே நாளில் மலேசிய வாடிக்கையாளர்களுக்குப் போன பருத்திச் சேலை மின்னஞ்சலுக்கும் 20251010தான். ஏ வடிவத்துக்கும் அதுதான், பி வடிவத்துக்கும் அதுதான். பட்டு எவ்வளவு விற்றது, பருத்தி எவ்வளவு விற்றது, எந்தத் தலைப்பு வரி எடுபட்டது என்று பார்க்கப் போனால் எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக நிற்கிறது. தமிழுக்கு மட்டும் வந்த கதி அல்ல இது. இந்தியிலோ அரபியிலோ பெயர் வைக்கும் உங்கள் வாடிக்கையாளர் எவருக்கும் இதே நிலைதான்.

வாடிக்கையாளரின் செயலுக்கு ஏற்பத் தானாகப் போகும் தானியங்கி மின்னஞ்சல்களில் உங்கள் நிரல் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே தமிழ் எழுத்தை நீக்குவதில்லை. சதவீதக் குறியீடாக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீடான யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் (%) இரண்டு எழுத்துமாக, 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘தீபாவளி’ என்பதில், மெய்யையும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணினால் 7 குறிகள். முகவரியில் அது 63 எழுத்தாகிறது. இதை நீங்கள் 100 எழுத்தில் வெட்டுகிறீர்கள். முழுக்கத் தமிழ் எழுத்தாகவே உள்ள பெயரில் 11 குறிகள் 99 இடங்களை நிரப்பிவிட, நூறாவது இடத்தில் அடுத்த குறியின் முதல் சதவீதக் குறி மட்டும் தனியாகத் தொங்கும். அது செல்லாத முகவரி. அதை விரித்துப் படிக்க முயலும் ஜாவாஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும். சில சர்வர்கள் பக்கத்தையே திறக்காமல் 400 (‘தவறான கோரிக்கை’) பிழையைத் திருப்பி அனுப்பும். கூடையில் சேலையைப் போட்டுவிட்டு மறந்த வாடிக்கையாளரை நினைவூட்டி அழைத்துவரும் இணைப்பு அது. அந்த இடத்திலா உடைய வேண்டும்?

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, பெயர் மாற்றம். உங்கள் மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பு முதலில் கிளிக்குகளைப் பதிவு செய்யும் உங்கள் கிளிக் சர்வருக்குப் போய், அங்கிருந்து எங்கள் கடைப் பக்கத்துக்கு வருகிறது. டேக் ஒட்டப்படுவது அனுப்பும்போது அல்ல, அந்தச் சர்வர் திருப்பிவிடும் நொடியில். உங்கள் குழு இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஒரு கேம்பெய்னை உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்புங்கள். இணைப்பைச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேம்பெய்னின் பெயரை மாற்றிச் சேமியுங்கள். அதே பழைய மின்னஞ்சலின் அதே இணைப்பை மறுபடி சொடுக்கினால், புதிய பெயர் முகவரியில் வந்து நிற்கும். காலையில் அனுப்பிய மின்னஞ்சலின் பெயரில் மதியம் யாராவது எழுத்துப்பிழை திருத்தினால், மதியம் வரையான விற்பனை ஒரு பெயரிலும் அதற்குப் பிந்தையது வேறு பெயரிலும் ஏறிவிடும். அனலிட்டிக்ஸில் ஒருமுறை பதிவானதைப் பின்னால் போய்த் திருத்த வழியில்லை. யார், எப்போது, எந்தப் பெயரை மாற்றினார் என்ற பதிவும் உங்கள் மென்பொருளில் இல்லை.

பெயரின் நீள வரம்பும் இப்போது 50 ஆகிவிட்டது. அந்த எண்ணிக்கையைக் குறிகளைக் கொண்டு கணக்கிடுகிறீர்கள், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளைக் கொண்டு அல்ல. மேலே காட்டிய காஞ்சிப்பட்டுப் பெயர் கண்ணால் எண்ணினால் 38 எழுத்து. உங்கள் கணக்கில் 56. பழைய பட்டியலில் அந்தப் பெயர் இப்போது 20251010_சலுகை_தீபாவளி-காஞ்சிப்பட்டு_சிங்கப்பூர்_த என்று முடிகிறது. மொழியும் வடிவமும் போய்விட்டன. ஏ, பி இரண்டும் பட்டியலில் ஒரே பெயரோடு அடுத்தடுத்து இருக்கின்றன. ஏற்கெனவே இருந்த பெயர்களை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இப்படி வெட்டியது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

தேடல் பெட்டியிலும் ஒரு கோளாறு. ‘பொங்கல்’ என்று தேடினால் சில பொங்கல் கேம்பெய்ன்கள் வருவதில்லை. ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். தட்டச்சுக் கருவிக்கு ஏற்ப இது மாறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தேதி தானாக விழும் வசதி யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைப் பார்க்கிறது. எங்கள் கணக்கின் அமைப்பில் இந்திய நேரம்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். காலை 5 மணிக்கு அனுப்புவது யூடிசியில் முந்தைய இரவு 11.30. அதனால் முதல் தேதி அனுப்பியது போன மாதக் கணக்கில் விழுகிறது. தானியங்கி மின்னஞ்சல்களுக்கும் தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது பொருந்தாது. வரவேற்பு மின்னஞ்சல் வருடம் முழுக்க ஓடுவது. அதற்கு வேண்டியது தேதி அல்ல, வடிவ எண்.

யூடிஎம் மீடியம் (வந்த வழி) என்ற இடத்தில் நீங்களாகவே ‘நியூஸ்லெட்டர்’ என்று இடுகிறீர்கள். அனலிட்டிக்ஸின் இயல்பான பிரிவில், மீடியம் அல்லது சோர்ஸ் (வந்த மூலம்) என்ற இடத்தில் ‘ஈமெயில்’ என்ற சொல் இருந்தால்தான் அந்த வருகை ஈமெயில் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் வகைப்படுத்தாதவற்றில் போய் விழும்.

இன்னொன்று மானப் பிரச்சினை. ‘பிரவுசரில் பார்க்க’ என்று திறக்கும் பக்கத்தின் தலைப்பாக இப்போது கேம்பெய்ன் பெயரே வருகிறது. 90நாள்-வாங்காதவர் என்பது நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட அடையாளம். அதை வாடிக்கையாளர் தன் திரையில் படிக்கும் நிலையை உண்டாக்கியிருக்கிறீர்கள். இதை மட்டும் உடனே, வேறெதற்கும் காத்திராமல் நிறுத்துங்கள்.

இதற்கு மாற்றாக ஃபோல்டர்களைப் பயன்படுத்தும்படி உங்கள் ஊழியர் பரிந்துரைத்தார். ஒரு கேம்பெய்ன் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். தீபாவளியில் வைப்பதா, சிங்கப்பூரில் வைப்பதா? தவிர, சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கும்போது ஃபோல்டர் பெயர் அதில் வருவதே இல்லை. பெயருக்குள்ளேயே இருந்தால் எக்செலில் அடிக்கோட்டை வைத்து ஆறு பத்திகளாகப் பிரித்து, பண்டிகைவாரியாக, ஊர்வாரியாகக் கூட்டிப் பார்க்கலாம். அதற்காகத்தான் இந்த முறையை வைத்திருக்கிறோம்.

பெயரில் இவ்வளவு அழுத்தம் ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்புக்குப் பிறகு, வாடிக்கையாளர் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறக்கப்பட்டு அதுவே திறந்ததாகப் பதிவாவதால், திறப்பு விகிதத்தை நம்ப முடிவதில்லை. மிஞ்சியிருப்பது கிளிக்கும் விற்பனையும். அவை இரண்டையும் எங்கள் செலவோடு பொருத்துவது இந்த டேக் ஒன்றுதான். அடுத்த பொங்கலுக்கு எவ்வளவு பட்டு நெய்யச் சொல்வது என்பதில்கூட இந்த எண்கள் சேர்கின்றன.

ஆகவே நாங்கள் கேட்பது: பெயருக்கும் டேக்குக்கும் பழையபடி தனித்தனிக் கட்டங்கள். டேக்கில் தமிழ் எழுத்து வந்தால் சத்தமில்லாமல் நீக்காமல், சேமிக்கும் முன்பே எச்சரிக்கை. அனுப்பு பொத்தானை அழுத்திய நொடியில் டேக் உறைந்துவிட வேண்டும். பிறகு பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இணைப்பு மாறக்கூடாது. ஒவ்வொரு கேம்பெய்னுக்கும் என்றும் மாறாத ஓர் எண், அது சிஎஸ்வியிலும் வர வேண்டும். ஏ, பி வடிவங்களை யூடிஎம் கன்டென்ட் (உள்ளடக்கம்) இடத்துக்கு அனுப்பும் வசதி. பெயர் மாற்றங்களின் பதிவேடு. நீள வரம்பு முன்புபோல 100க்குக் குறையாமல்.

வெட்டுப்பட்ட பழைய பெயர்களை, புதுப்பிப்புக்கு முந்தைய உங்கள் பேக்கப்பிலிருந்து எடுத்து, பழைய பெயர், இப்போதைய பெயர், அனுப்பிய நேரம் ஆகிய மூன்று பத்திகளோடு ஒரு கோப்பாகத் தாருங்கள். உங்கள் கிளிக் சர்வரின் பதிவில் எந்தக் கிளிக் எந்தக் கேம்பெய்னுடையது என்பது இருக்கும். தீபாவளி வாரங்களுக்கு அதையும் தந்தால், கலந்துபோன ஆர்டர்களை நேரத்தை வைத்துப் பெருமளவுக்குப் பிரித்துவிடுவோம்.

பிரவுசர் பக்கத் தலைப்பை 2 வேலை நாட்களிலும், பழைய பெயர்களின் கோப்பை 7 வேலை நாட்களிலும் எதிர்பார்க்கிறோம். மற்றவை பொங்கல் விற்பனைக்கான மின்னஞ்சல்கள் தொடங்கும் முன், அதாவது டிசம்பர் இறுதிக்குள் முடிய வேண்டும். முடியாதென்றால் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேறு மென்பொருளுக்கு மாறி, புதிய டொமைன் அமைப்புகளைச் செய்து, அனுப்பும் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு வர எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த நிலையில், மீதமுள்ள சந்தா காலத்துக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் இக்கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் விற்பனைப் பிரிவினர்

இணைப்பு: பெயர் மாற்றச் சோதனையின் முன்னும் பின்னுமான திரைப்பிடிப்புகள், வெட்டுப்பட்ட பெயர்களின் பட்டியல், உடைந்த தானியங்கி இணைப்புகளின் பட்டியல்.