வலிப்பு வரும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேறுகால மரணங்களின் நேரடிக் காரணங்களில் ரத்தப்போக்குக்கு அடுத்து நிற்பது உயர் ரத்த அழுத்தம். பெரும்பாலும் கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு தலைகாட்டும் இது, ஏழைக் கிராமங்களில் வலிப்பு வந்த பிறகே தெரியவருவது கொடுமை. தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி எல்லாம் 'கர்ப்பத்தில் சகஜம்' என்று ஒதுக்கப்படுகின்றன. அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி பழைய மருந்து, விலையும் குறைவு. அது இருப்பில் இல்லை, போடத் தெரிந்தவர் இல்லை, வண்டி இல்லை என்று ஒரு தாயை இழப்பதை விதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிரசவத்தோடு ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. அடுத்த சில வாரங்களிலும் அழுத்தம் ஏறலாம். வீடு திரும்பிய தாயை முதல் வாரத்திலேயே தேடிச் சென்று பரிசோதிக்க, கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பழுதில்லாத ரத்த அழுத்தக் கருவி வழங்க வேண்டும்.

- ஒரு வாசகர்