என் மகனைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகன் 31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டவன். எடை 1,250 கிராம். பிறந்த கையோடு ரத்தத்தில் கிருமியும் சேர்ந்துகொண்டது. இன்று வீடே அதிர அழுகிறான், வயிறு நிறையப் பால் குடிக்கிறான். அவனைப் பிழைக்க வைத்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் நர்ஸக்கா. பனிக்குடம் உடைந்தது என்றதும் மணியைப் பார்த்து கர்ப்பிணி அட்டையில் எழுதினார். எனக்குக் காய்ச்சல் இல்லை என்பதையும் பார்த்துக் குறித்தார். குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு 108-இல் ஏற்றிவிட்டார். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டதே அந்த அட்டையைத்தான். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் போனால் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடும், குறைமாதம் என்றால் இன்னும் கூடும் என்றார். அக்கா எழுதிய அந்த ஒரு வரியால், பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் அவன்மேல் ஒரு கண் இருந்தது.

வழியில் மூடிக் கிடந்த நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் திறந்ததும் இறங்கி நின்று வண்டிகளை ஒதுக்கி ஆம்புலன்ஸை முதலில் அனுப்பிய தம்பிகளே, உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நன்றாக இருங்கள்.

அப்புறம் அந்த இரண்டாம் ராத்திரி. பீய்ச்சிய பாலைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஒரு கையை அவன் வயிற்றிலும் இன்னொரு கையைப் பாதத்திலும் வைத்துப் பார்த்தார். வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லென்று இருந்தது. நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் பழைய நிறத்துக்கு வர 3 விநாடிக்கு மேல் ஆயிற்று. முந்தைய வேளைக்குக் குழாயில் விட்ட பால் அப்படியே வயிற்றில் நின்றிருந்தது. நடுவில் மூச்சையும் நிறுத்தினான். உள்ளங்காலைச் சுண்டியதும் மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டான். ஆனால் காய்ச்சல் இல்லை. குறைமாதக் குழந்தைக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல் வர வேண்டும் என்று கட்டாயமில்லை, உடம்பு சில்லிட்டும் போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. விடியட்டும், பார்ப்போம் என்று சிஸ்டர் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டார்.

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பாட்டிலில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு 1 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த எடையில் குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 100 மில்லிதான். வார்டு வாசலில் என் அம்மா "இந்தப் பிஞ்சுகிட்டயா?" என்று கதறிவிட்டார். இளம் டாக்டர் தம்பி நின்று பொறுமையாகச் சொன்னார்: "கொஞ்சமா எடுத்தா கிருமி இருந்தும் மாட்டாமப் போயிடும் பாட்டி. ஆன்டிபயாடிக் போட்டப்புறம் எடுத்தாலும் அதே கதைதான்." கையைக் கழுவி, உறை மாட்டி, தோலில் மருந்து தடவி, அது காயும்வரை காத்திருந்துதான் ஊசியை வைத்தார். தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விட்டால் ரிப்போர்ட்டே குழம்பிவிடுமாம். எடுத்து முடித்ததும் ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்துவிட்டார்கள்.

தொற்று இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனையின் முதல் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. டாக்டரம்மா முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. "தொற்று ஆரம்பிச்சு 10, 12 மணி நேரம் கழிச்சுத்தான் இது ஏறும். இதை நம்பி மருந்தை நிறுத்த மாட்டேன்" என்றார். மறுநாள் எடுத்ததில் எகிறியிருந்தது.

கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்கிறது என்று தெரிந்ததுமே ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போன் போட்டார்கள், ரிப்போர்ட் அச்சாகட்டும் என்று இருக்கவில்லை. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற விவரம் வந்ததும் மருந்தை மாற்றினார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்ததில் மூளை உறைக்குப் போகவில்லை என்று தெரிந்தது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்களை எந்தத் தாயும் பார்ப்பதில்லை. என் நன்றியில் பெரிய பங்கு உங்களுக்குத்தான். பக்கத்துக் குழந்தைக்குக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று நீங்கள் சொன்னதால்தான் 48 மணி நேரத்தில் அதற்கு ஊசியை நிறுத்த முடிந்தது. அதுவும் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

டெல்லியில் 3 மருத்துவமனைகளில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். அங்கேயும் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் கண்ட கிருமிகளில் கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் இருக்கின்றன. கையோடு கையாகப் பரவக்கூடியவை. கை கழுவாமல் ஒருவரையும் உள்ளே விடாத தூய்மைப் பணியாளர் அக்காவை அப்போது சிலர் முறைத்தார்கள். அக்கா, நீங்கள் முறைப்பை வாங்கிக்கொண்டு எத்தனை பிள்ளைகளைக் காத்தீர்களோ!

பச்சை உடம்புக்காரியான எனக்குப் பால் பீய்ச்சப் பழக்கி, தன் ரசம் சோற்றில் பாதியைக் கொடுத்த திருவையாற்று அக்காவுக்கும், சம்பா நடவு நேரத்தில் நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் வயலையும் சேர்த்து நட்டு முடித்த பங்காளிகளுக்கும் நன்றி.

கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்தன, இரண்டும் நன்றாக இருக்கின்றன. தை பிறந்ததும் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறோம். வார்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது என்று தெரியும். டூட்டி முடிந்தவர்கள் முடிந்தபடி வாருங்கள், ராத்திரி வரைக்கும் இலை போடுவோம்.

நன்றியுடன்,
அவன் அம்மா